ஊரில் ஒரு கிணறு எவ்வளவு முடியும்?

சென்ற மாதப் பிரதோஷ பூசை முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணை, ஊரிலை ஒரு குழாய்க் கிணறு அடிச்சுக் குடுக்கிறதெண்டால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். அவருடைய தாயார் சிவபதமடைந்து ஓராண்டு நிறைகிறது. ஆட்டத் திவசத்தையொட்டி அம்மாவின் பெயரால் ஏதாவது தருமம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அன்னதானம் ஒரு நாளோடு போய்விடும், தண்ணீர் என்றால் நின்று நிலைக்கும் என்றார். நானோ, "பிறகு ஆறுதலாகக் கதைப்பம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மோதகம் ஒன்றை வாயிற் போட்டுக்கொண்டு மெல்ல நழுவிவிட்டேன்.

வீடு வந்த பின் மனம் கேட்கவில்லை. ஊரிலிருந்த காலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் குடிநீர் வழங்கல் வேலையிலேயே சோறு தின்றவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஒருவர் நல்ல மனதோடு வந்து கேட்கும்போது நழுவுவது அழகாகாது. ஆனால் நழுவியதற்கும் காரணம் உண்டு. நானும் ஒருமுறை ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவன். அந்தக் கதையை இதுவரை இச்சங்கத்தில் எவருக்கும் நான் முழுமையாகச் சொன்னதில்லை. செய்திமடலின் ஆசிரியர் இரண்டு பக்கம் தருவதாகச் சொன்னபடியால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் ஆண்டு. இடம்பெயர்ந்திருந்த எங்கள் ஊர்ச் சனங்கள் திரும்பிவந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். ஓக்லாந்தில் எங்கள் ஊரவர் ஐந்து குடும்பம். பெண்கள் இடியப்பமும் வடையும் விற்று, ஆண்கள் சீட்டுப் போட்டு, இரண்டு வருடத்தில் பதினாலாயிரம் டொலர் சேர்த்தோம். அறுபது வீடுகளுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொடுப்பது என்று முடிவு. திட்டத்தை வரைந்தவன் நான். பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, தண்ணீர் இல்லாத ஊருக்குக் கணக்குப் போட்டேன். இருநூற்றெழுபது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லீற்றர், ஆக ஏறக்குறைய 19,000 லீற்றர். குழாய்க் கிணறு ஒன்று, மின்சாரப் பம்பு ஒன்று, பதினைந்தடித் தூண்களில் பத்தாயிரம் லீற்றர் தாங்கி, எட்டுப் பொதுக் குழாய்கள். தாளில் எல்லாம் அழகாகவே இருந்தது.

குடாநாட்டு நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களிடம் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான வருமானம். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. அப்படித் தங்கும் நன்னீருக்கு அடியில் நாலு பக்கமும் கடலிலிருந்து புகுந்த உப்பு நீர் நிற்கிறது. நன்னீர் சற்று இலேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றை அறியாதார் இல்லை. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்த இடம் என்பார்கள். அதில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்திற் போனால் உப்பு. குடாநாடு முழுவதுமே அப்படி ஒரு நிலாவரைதான்.

எவ்வளவு ஆழத்தில் உப்பு என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கைபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்டது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி வரைக்கும் நன்னீர் இருக்கும். இதை மறுபுறமாகப் படித்தால்தான் வயிறு கலங்கும். பம்பால் ஓரடி நீர்மட்டத்தைக் குறைத்தால், அடியிலுள்ள உப்பு நாற்பதடி மேலே எழும்பப் பார்க்கும்.

இது எனக்குத் தெரியாததா? மனப்பாடமாகத் தெரியும். அப்படியிருந்தும் எப்படித் தவறினேன் என்பதுதான் கதை.

எங்கள் ஊர் கடலிலிருந்து முக்கால் மைல். நிலம் கடல்மட்டத்துக்கு மேல் பதினைந்தடி. நான் வரைந்தது நாற்பதடிக் கிணறு. துளைக்க வந்தவர்கள் தொண்ணூறு அடிக்குப் போவோம் என்றார்கள். அடிக்கணக்கில் கூலி வாங்குபவர்கள் அப்படிச் சொல்வது புதுமையில்லை. ஊர்ப் பெரியவர்களும், "ஆழமாய்ப் போனால்தான் வற்றாது" என்று தொலைபேசியில் நின்றார்கள். இந்தியாவில் கருங்கல் நிலத்தில் அது சரி. எங்கள் சுண்ணக்கல்லில் வற்றுவது ஒரு சிக்கலே இல்லை, உப்பாவதுதான் சிக்கல். நான் மறுத்தேன். இரண்டாம் முறையும் மறுத்தேன். மூன்றாம் முறை, பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு ஊரவரோடு மல்லுக்கட்டுவானேன் என்று, "சரி, தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு விடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

பரிசோதித்தார்கள். தைப்பொங்கல் கழிந்த மறுவாரம். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

தையில் அப்படித்தான் இருக்கும். மாரி மழை இறங்கி, நீர்மட்டம் கடலுக்கு மேல் மூன்றடி நிற்கும் காலம் அது. மூன்று நாற்பது நூற்றிருபது. எங்கள் கிணற்றின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே எழுபத்தைந்தடியில் இருந்தது, ஆகையால் உப்புக்கு இன்னும் நாற்பத்தைந்தடி இருந்தது. ஆவணியில் அதே நீர்மட்டம் ஒன்றரை அடிக்கு இறங்கும். ஒன்றரை நாற்பது அறுபது. அப்போது கிணற்றின் அடி உப்புக்குள் பதினைந்தடி புதைந்து நிற்கும். நிலத்துக்குள் இருப்பது இவ்வளவு நேர்கோடாக நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உப்பும் நன்னீரும் கலக்கும் வலயம் ஒன்று இடையில் உண்டு, மாற்றங்களும் மெதுவாகவே வரும். ஆனால் வரும். ஆவணி மாதத்து இறுதியில் எடுக்கவேண்டிய மாதிரியைத் தையில் எடுத்து, நல்லது என்று நான் கையொப்பம் வைத்தேன்.

முதலாம் வருடம் ஊரே வாழ்த்தியது. கல்வெட்டு வைத்தார்கள், என் பெயரும் அதில் இருக்கிறது. இரண்டாம் வருடக் கோடையில் என் பெறாமகள் தொலைபேசியில், "பெரியப்பா, தேத்தண்ணி உப்புக் கரிக்குது" என்றாள். நான் அப்போது அடுப்படியில் நின்றேன். இங்கே கேத்திலின் அடியில் வெள்ளைகூடப் படிவதில்லை, அவ்வளவு மென்மையான தண்ணீர். அந்தக் கேத்திலைப் பார்த்தபடி சற்று நேரம் பேசாமல் நின்றேன். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடிக்கும். நாக்கைவிடப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

உப்பு ஒரு பிழை. அதைக் காட்டிலும் எனக்கு நெஞ்சில் தைத்தது வேறொன்று.

நான் வரைந்த படத்தில் பிரதான குழாய் இரண்டங்குலம், ஒழுங்கையின் கடைசி வரைக்கும். கடைசியில் பதினொரு வீடுகள். நேரிற் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வைரவர் கோயிலடி வரைக்கும் இரண்டங்குலம், அதற்கு அப்பால் முந்நூறு யார் தூரம் ஓரங்குலக் குழாய். காசை மிச்சம் பிடித்தோம் என்றார்கள். குழாயின் விட்டம் பாதியானால் அதே அளவு தண்ணீரைக் கொண்டுபோக உராய்வினால் ஏற்படும் இழப்பு முப்பது மடங்குக்கு மேல் போகும். பதினைந்தடித் தாங்கி கொடுக்கும் அழுத்தம் அவ்வளவு தூரம் தாங்காது. காலையில் மேல்வீடுகளில் குழாய் திறந்திருக்கும்போது அந்தப் பதினொரு வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வந்தது. ஒரு அம்மா குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பத்து மணிக்குப் பிறகு வரும் ஐயா" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தப் பதினொரு வீட்டாரும் யார் என்பதை எங்கள் ஊர்களை அறிந்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. யார் கிணற்றில் அள்ளலாம், யாருக்கு அள்ளி ஊற்றப்படும் என்று ஒரு காலம் இருந்தது. அவர்களின் பாட்டிமார் பிறர் கிணற்றடியில் குடத்தோடு காத்துநின்றதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கோயிற் பிரவேசமும் சட்டமும் எல்லாம் வந்த பிறகு, அதே காத்திருப்பை ஓரங்குலக் குழாய் ஒன்று திரும்பக் கொண்டுவந்துவிட்டது. வேண்டுமென்று எவரும் செய்யவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். காசு குறையும்போது எந்தப் பக்கத்துக் குழாய் மெலிகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரக் கட்டணம் இன்னொரு சங்கதி. முதல் ஆறு மாதம் கோயில் கட்டியது. பிறகு பரிபாலன சபையில் பிணக்கு. பிறகு இணைப்பு துண்டிப்பு. இதை நீட்ட விரும்பவில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் பணத்தில் கல், கம்பி, பம்பு எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, அடுத்த மாதத்துக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஆயிரக்கணக்கில் குழாய்க் கிணறு துளைத்துக் கைப்பம்பு பூட்டினார்கள். வார்ப்பிரும்புப் பம்புகள், வீட்டுக்குச் செய்தவை, ஊர் முழுவதும் அடிக்க முறிந்து விழுந்தன. பின்பு யுனிசெப் உதவியோடு, சோலாப்பூரிலிருந்த ஒரு நல்ல பம்பை அடிப்படையாக வைத்து, கோயம்புத்தூர் மாவட்டத்து ஆழக் கிணறுகளிற் பூட்டிச் சோதித்துத்தான் இந்தியா மார்க் இரண்டு என்ற பம்பு வந்தது. அதிலும் தோல் வாசரை மாற்ற முழுக் குழாயையும் மேலே தூக்கவேண்டியிருந்தது. ஊராரே கழற்றிப் பூட்டக்கூடியதாய் மார்க் மூன்று வர மேலும் பல வருடங்கள் சென்றன. ஒரு வாசருக்காக இத்தனை பாடு. ஆனால் அந்த வாசர்தான் தண்ணீர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கால் ஏக்கர் வளவில் ஒரு மூலையில் கிணறு, மறுமூலையில் மலசலகூடக் குழி. இரண்டுக்கும் ஐம்பதடி இடைவெளி வேண்டும் என்று நாங்கள் படித்தோம். மணல் நிலத்துக்கு அது பொருந்தும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் ஐம்பதடியைத் தண்ணீர் வடிபடாமல் ஓடிக் கடந்துவிடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் கூடவே இறங்குகிறது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் காணிக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது, கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஓரிடத்தில் ஊற்றியது எங்கெங்கோ தலைகாட்டும் நிலம் அது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய துன்பம் என்று எண்ணவேண்டாம். இதே நியூசிலாந்தில், 2016 ஆகத்து மாதம் ஹேவ்லொக் நோர்த் என்ற சிறு பட்டினத்தில் பெருமழைக்குப் பிறகு ஆட்டுச் சாணம் கலந்த தண்ணீர் நிலத்தடிக் கிணறுகளுக்குள் போய், ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வயிற்றோட்டத்தில் வீழ்ந்தனர். அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போடும் வழக்கம் இருக்கவில்லை. ஊர்த் தண்ணீர் சுத்தம், மருந்து மணம் வேண்டாம் என்ற பெருமை அங்கேயும் இருந்தது. எங்கள் ஊரவரும் அதே வார்த்தையைத்தான் என்னிடம் சொன்னார்கள்.

பெரியவர்கள் பெரிய அளவில் யோசிக்கவில்லையா என்று கேட்கலாம். யோசித்தார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வரைந்தார். கனகராயன் ஆற்று நீர் வந்து விழும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி ஏரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுபோவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. மிச்சம் முழுமையாகவில்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள், எங்கள் வயலுக்கே போதாத தண்ணீரை எப்படித் தருவது என்று மறித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. மழை கொட்டும் ஊரில் கடலைக் குடிக்கும் நிலை வந்ததே என்று கவலைப்படுவோர் உண்டு. நான் கவலைப்படவில்லை. கைக்குழந்தைக்குக் கரைக்க நைத்திரேற்று இல்லாத தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் அதன் மின்சாரக் கட்டணம் எங்கள் கோயில் கட்டணத்தைப் போல ஆகாதிருக்க வேண்டும்.

எங்கள் கிணற்றுக்கு என்ன செய்தோம்? 2016இல் நான் விடுமுறை எடுத்துப் போய் ஏழு கிழமை நின்றேன். குழாய்க் கிணற்றை மூடினோம். ஒழுங்கையின் கடைசியிலிருந்த பழைய தோட்டக் கிணறு ஒன்றை, துலா நின்ற காலத்துக் கிணறு, பதினெட்டடி விட்டம், சொந்தக்காரர் தந்தார். அதை இறைத்துத் துப்புரவாக்கி, அரைக் குதிரைவலுப் பம்பு பூட்டினோம். முன்னையது மணிக்கு ஐயாயிரம் லீற்றர் வீதம் நான்கு மணிநேரத்தில் உறிஞ்சியதை, இது மணிக்கு ஆயிரத்தறுநூறு வீதம் பன்னிரண்டு மணிநேரம் எடுத்துக்கொள்கிறது. மேலேயுள்ள ஆடையை மட்டும் மெல்ல எடுப்பது போல. எங்கள் பாட்டன்மார் துலா மிதித்து இறைத்தபோது இதையேதான் செய்தார்கள். பம்பு வந்த பிறகு எங்களுக்கு அவசரம் வந்துவிட்டது. தாங்கியையும் இடம் மாற்றினோம். இப்போது அது நிற்பது அந்தப் பதினொரு வீட்டருகில். தண்ணீர் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போகிறது. இதற்கு ஒரு மாதம் கூட்டம் வைக்கவேண்டியிருந்தது. இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மாதர் சங்கம் வீட்டுக்கு வீடு மாதம் முந்நூறு ரூபா வாங்குகிறது. பள்ளிக்கூடத்துக் கூரையில் பீலி பூட்டி, மழைநீர்த் தாங்கி வைத்தோம். முதல் மழை கூரையைக் கழுவி வெளியே போகும்படி ஒரு சிறு ஏற்பாடும் உண்டு. அது நான் வைத்தகரே மலைப்பக்க வீடுகளில் பார்த்துப் படித்தது. கைக்குழந்தை உள்ள வீட்டார் அந்தத் தாங்கியில் எடுத்துப் போகிறார்கள். குளத்தைத் தூர்வார இன்னும் காசு சேரவில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில் இதுதான். அங்கே கிணறு துளைக்க என்ன கூலி என்று ஒரு தொலைபேசியில் கேட்டுவிடலாம். அந்தத் தொகையைப் போல் இன்னொரு மடங்கை வங்கியில் போட்டு வைக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். மாதிரியை ஆவணியில் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி வீடு எது என்று கேளுங்கள், படத்தை அங்கிருந்து வரையத் தொடங்குவோம். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், மேசை அதே மேசைதான்.

என் பெறாமகளுக்கு மின்கடத்துதிறன் பார்க்கும் சிறு கருவி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பேனை அளவு இருக்கும். மாதம் ஒருமுறை கிணற்றில் தோய்த்துப் பார்த்து எண்ணை அனுப்புவாள். போன ஆவணியில் 1,150. இந்த ஆவணியில் 1,240. பம்பைப் பன்னிரண்டு மணிநேரத்திலிருந்து பத்தாகக் குறைக்கும்படி சொல்லியிருக்கிறேன். மாதர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது.